கடைசியாகக் குடித்தது எப்போது?

கேள்வி: நான் ஒரு மாவட்ட அரசு மருத்துவமனையில், எலும்பு முறிவு வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். இரண்டு வருட சர்வீஸ். போன மாதம் ஒரு திங்கட்கிழமை மதியம், சாரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்த கொத்தனார் ஒருவர் அட்மிட் ஆனார். வயது 46. செவ்வாய் மாலை அவருக்கு ஒரு நிமிடம் வலிப்பு வந்தது. ஃபெனிடாய்ன் என்ற வலிப்பு மருந்தைப் போட்டார்கள், நின்றுவிட்டது. புதன் இரவு ஒரு மணி வாக்கில், படுக்கை முழுக்க எறும்பு ஊர்கிறது என்று கத்தி, டிரிப்ஸைப் பிடுங்கிவிட்டு, காலில் கட்டிய எடையோடு இறங்கப் பார்த்தார். 40 பேர் இருக்கும் வார்டில் நான் ஒருத்திதான் நைட் டியூட்டி. நானும் வார்டு அட்டெண்டரும் காஸ் துணியால் அவரைக் கட்டிலோடு கட்டினோம். மூன்று நாள் ஐ.சி.யூ.வில் இருந்து பிழைத்து வந்தார். “குடிகாரன்னா அப்படித்தான், பழகிக்கோ” என்றார்கள் சீனியர்கள். முன்பே தெரிந்துகொண்டிருக்க முடியுமா? என் அப்பாவும் குடிப்பவர்தான். இவர்களைப் பார்த்தாலே எனக்கு அருவருப்பு. உண்மையைச் சொன்னால், அன்றைக்குக் கொஞ்சம் இறுக்கித்தான் கட்டினேன். நான் இந்த வேலைக்கு லாயக்கில்லையா? இன்னொன்று, சாம்பாரில் கலந்து கொடுக்கிற மாத்திரை இருக்கிறதாமே என்று அவர் மனைவி கேட்கிறார். என்ன சொல்வது அக்கா?

பதில்:

அன்புத் தங்கைக்கு,

கடிதத்தோடு அவருடைய சார்ட்டில் இருந்த அளவுகளையும் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். செவ்வாய் காலை நாடித்துடிப்பு 112, பி.பி. 150/100, வியர்வை. மாலையில் நாடி 118, பி.பி. 160/100. பக்கத்தில் ‘வலி’ என்று குறித்திருக்கிறது. தொடை எலும்பு முறிந்தவருக்கு வலி இருக்காதா, யார் எழுதினாலும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். ஆனால் அந்த எண்களுக்குப் பக்கத்தில் இன்னொரு எண் இருந்திருந்தால் கதையே வேறு. அவர் கடைசியாகக் குடித்த நேரம்.

அதை வியாழக்கிழமைதான் அவர் மனைவி சொன்னார் என்கிறீர்கள். திங்கள் காலை ஆறு மணிக்கு, வேலைக்குப் போகும் முன் ஒரு கட்டிங். சரி, அங்கிருந்து மணியை எண்ணிப் பாருங்கள். தினமும் குடிப்பவர் நிறுத்தினால் ஆறு எட்டு மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். உங்கள் நோயாளிக்கு ஏறக்குறைய 36 மணி நேரத்தில் வந்தது. இல்லாத பூச்சி தெரிவதும், இடம் பொழுது தெரியாமல் போவதும், உடம்பு கொதிப்பதுமாக வருகிற டெலிரியம் டிரெமென்ஸ் 48 மணியிலிருந்து 96 மணிக்குள் வரும். உங்களுக்குப் புதன் இரவு ஒரு மணி என்பது அவருக்கு 67ஆவது மணி. குறித்த நேரத்துக்கு வந்து சேர்ந்த பஸ் மாதிரிதான் எல்லாமே நடந்திருக்கிறது. நம் கையில் டைம்டேபிள் இல்லை, அவ்வளவுதான்.

ஆக, உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: தெரிந்துகொண்டிருக்க முடியும். உங்கள் மேல் பழி போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. அட்மிஷன் போட்டவர், கேஸ் எடுத்தவர், மூன்று ஷிஃப்ட் நர்ஸ்கள், மயக்க மருந்து டாக்டர் என்று எத்தனையோ பேர் அவரைத் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஒருவரும் கேட்கவில்லை. இல்லை, கேட்டிருப்பார்கள். “குடிப்பழக்கம் உண்டா?” என்று மனைவி பக்கத்தில் நிற்கும்போது கேட்டால், “எப்பவாச்சும்” என்றுதான் பதில் வரும். எப்பவாச்சும் என்றால் தினமும் என்று எடுத்துக்கொள்ள எனக்குப் பத்து வருடம் ஆனது.

குடிப்பாரா என்று கேட்காதீர்கள், எப்போது என்று கேளுங்கள். “அண்ணே, மயக்க மருந்து குடுக்கணும், அதனால எல்லார்கிட்டயும் கேக்கறதுதான். கடைசியா எப்ப குடிச்சீங்க? எவ்வளவு?” குரல், சாப்பிட்டீங்களா என்று கேட்கிற குரலாக இருக்கவேண்டும். மனைவியை மருந்துச் சீட்டோடு அனுப்பிவிட்டுக் கேட்டால் இன்னும் நல்லது. “ஒரு குவார்ட்டர்தான் சிஸ்டர்” என்பார். 180 மில்லி பிராந்தியில் ஏறக்குறைய 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது, அதாவது மருத்துவக் கணக்கில் ஆறு அளவு. இந்த ‘தான்’ ஒன்றும் சின்னதில்லை. அடுத்து, “காலையில எந்திரிச்சதும் கை உதறுமா? ஒரு வாய் போட்டா நிக்குமா?” என்று கேளுங்கள். குடிப் பிரச்சினை இருக்கிறதா என்று கண்டுபிடிக்க 1984இல் ஜான் யூயிங் என்ற அமெரிக்க மருத்துவர் வெளியிட்ட நான்கு கேள்விகளில் கடைசிக் கேள்வி கிட்டத்தட்ட இதுதான். எனக்கு ஒரே கேள்விதான் கேட்கலாம் என்றால் இதைத்தான் கேட்பேன். ஆமாம் என்று சொன்னால், முன்பு எப்போதாவது குடியை விட்டபோது ஃபிட்ஸ் வந்ததா என்றும் விசாரியுங்கள். வந்திருந்தால் மறுபடி வர வாய்ப்பு அதிகம்.

பெண்களிடமும் இதே கேள்வியைக் கேளுங்கள். நாம் கேட்பதே இல்லை.

பதிலைக் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள்: ‘கடைசியாகக் குடித்தது: திங்கள் காலை 6.’ ஷிஃப்ட் மாற்றிக் கொடுக்கும்போது, ஊசி எத்தனை மணிக்குப் போட்டோம் என்று சொல்வதுபோல இதையும் சொல்லுங்கள், “இப்ப 30 மணி நேரம் ஆச்சு” என்று.

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு கதவை வெளியிலிருந்து ஒருவன் வருடக்கணக்காகத் தள்ளிக்கொண்டே இருக்கிறான். வீடு விழுந்துவிடாமல் இருக்க, உள்ளே இருப்பவர்களும் அதே பலத்தோடு எதிர்த்துத் தள்ளப் பழகிவிட்டார்கள். வெளியே இருந்தவன் திடீரென்று கையை எடுத்தால் உள்ளே இருப்பவர்கள் தெருவில் வந்து விழுவார்கள். சாராயம் மூளையை அடக்குகிறது. அடங்காமல் இருக்க மூளை தன்னை முடுக்கிக்கொள்கிறது. சாராயம் நின்ற பிறகு அந்த முடுக்கம் மட்டும் மிச்சம் இருக்கிறது. நாடித்துடிப்பும் வியர்வையும் வலிப்பும் எறும்பும் எல்லாம் அதுதான். டயஸிபாம், லோராஸிபாம், குளோர்டயஸிபாக்ஸைடு மாதிரி மருந்துகள் எடுத்த கையை மெதுவாக எடுக்க வைக்கின்றன. ஃபெனிடாய்ன் இந்த வேலையைச் செய்யாது. அதனால்தான் செவ்வாய்க்கிழமை வலிப்பு நின்றதும் விஷயம் முடிந்ததாக எல்லோரும் நினைத்த இடத்தில், விஷயம் உண்மையில் தொடங்கியிருந்தது. வெறும் ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்தை ஊசியாகப் போட்டு அமுக்குவதும் நம் வார்டுகளில் நடக்கிறது. அது வலிப்பு வருவதை இன்னும் எளிதாக்கிவிடும், தனியாகப் போடுகிற மருந்தில்லை. உத்தரவு எழுதுவது டாக்டர்தான். ஆனால் ராத்திரி ஒரு மணிக்குப் போனில், “சார், பேஷன்ட் ஒரே கலாட்டா” என்று சொன்னால் ஒரு உத்தரவு வரும். “சார், குடிச்சு 67 மணி நேரம், செவ்வாய்க்கிழமை ஒரு ஃபிட்ஸ், நாடி 130, காய்ச்சல், ஆள் அடையாளம் தெரியல” என்று சொன்னால் வேறு உத்தரவு வரும்.

குடியை நிறுத்தியவரின் நடுக்கம், வியர்வை போன்றவற்றுக்குப் புள்ளி போடுகிற, சீவா என்று நாம் சொல்லும் அளவுகோலைப் படித்திருப்பீர்கள். 1989இல் வந்தது, பத்து விஷயங்கள், மொத்தம் 67 புள்ளி. 40 பேருக்கு ஒரு நர்ஸ் இருக்கிற வார்டில் எட்டு மணிக்கொரு தரம் முழுசாகப் போடுவதே கஷ்டம் என்று எனக்குத் தெரியும். முடியாதபோது கையை முன்னால் நீட்டி விரல்களை விரிக்கச் சொல்லுங்கள். நெற்றியைத் தொட்டுப் பாருங்கள். இது என்ன கிழமை என்று கேளுங்கள். அரை நிமிடம் ஆகாது. டயஸிபாம் மாதிரி மருந்தின் ஒவ்வொரு டோஸுக்கும் முன்னால் மட்டும் விழிப்பையும் மூச்சு எண்ணிக்கையையும் பார்க்காமல் விடாதீர்கள். பாசத்தில் யாராவது சொந்தக்காரர் தண்ணீர் பாட்டிலில் சரக்கு கொண்டுவந்து கொடுத்திருப்பார். அதற்கு மேல் இந்த மருந்தும் சேர்ந்தால் மூச்சு அடங்கிவிடும்.

குளுக்கோஸ் விஷயம் ஒன்று. நம் ஊரில் யார் படுத்தாலும் முதலில் ஒரு டிரிப்ஸ் தொங்கும், அதில் பெரும்பாலும் டெக்ஸ்ட்ரோஸ் இருக்கும். வருடக்கணக்காகக் குடித்துச் சரியாகச் சாப்பிடாதவர் உடம்பில் வைட்டமின் பி1 வறண்டு கிடக்கும். அந்த நிலையில் சர்க்கரையை ஏற்றினால், இருக்கிற கொஞ்சநஞ்சமும் தீர்ந்து, வெர்னிக்கி என்ற மூளைக்கோளாறு வரலாம். குழப்பம், தள்ளாட்டம், கண் அலைபாய்வது. தவறவிட்டால் ஞாபகசக்தி நிரந்தரமாகப் போய்விடும். நேற்று நடந்ததை இன்று சொல்லத் தெரியாமல் ஐம்பது வயதில் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதனால் தயமின், அதாவது அந்த பி1, முதலில், குளுக்கோஸ் அப்புறம். அதையும் ஊசியாகத்தான் போடவேண்டும், குடிப்பவர் குடல் மாத்திரையைச் சரியாக உறிஞ்சாது. ரத்தச் சர்க்கரை இறங்கிக் கிடந்தால் மட்டும் குளுக்கோஸுக்காகக் காத்திருக்க வைக்காதீர்கள், இரண்டையும் சேர்த்தே கொடுக்கட்டும்.

இவ்வளவு சொன்ன பிறகு எதிர்ப்பக்கமும் சொல்லவேண்டும். ‘குடிகாரன்’ என்ற பட்டம் இன்னொரு ஆபத்தையும் மறைக்கும். சாரத்திலிருந்து விழுந்தவர் தலையிலும் அடிபட்டிருக்கலாம். தொடை எலும்பு முறிந்தவருக்கு ஒன்றிலிருந்து மூன்று நாளைக்குள் எலும்புக் கொழுப்பு ரத்தத்தில் கலந்து நுரையீரலை அடைக்கலாம். அதிலும் குழப்பம் வரும், கூடவே மூச்சு வாங்கும், ஆக்ஸிஜன் அளவு இறங்கும், அக்குளிலும் மார்பிலும் கண் இமைக்குள்ளும் சிவப்புப் புள்ளிகள் தெரியும். இரண்டும் ஒரே நாட்களில் வருவதுதான் சிக்கல். குடிப்பவர் உளறுகிறார் என்று விட்டுவிட்டு, தலைக்குள் அடிபட்டதன் அடையாளமாகக் கண்மணி ஒன்று விரிந்திருப்பதைக் காலையில் ரவுண்ட்ஸில் பார்த்த வார்டு எனக்குத் தெரியும். குடியைப் பற்றிக் கேளுங்கள், ஆனால் குடியிலேயே நின்றுவிடாதீர்கள்.

இப்போது அந்த இறுக்கிக் கட்டியது.

எழுதியதற்கு முதலில் நன்றி. பலர் செய்கிறார்கள், யாரும் எழுதுவதில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் குடியால் வரும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோய்க்குள்தான் சேர்க்கிறது. கட்டுவது பற்றி அதன் 97ஆவது பிரிவு பேசுகிறது: உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், டாக்டர் உத்தரவோடு, தேவைக்கு மேல் ஒரு நிமிடமும் இல்லாமல். தண்டனையாகக் கட்டக்கூடாது. ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டியும் கட்டக்கூடாது. மனநல நிலையங்களுக்கு எழுதிய சட்டம்தான் அது. ஆனாலும் அந்தக் கடைசி வரியைப் படிக்கும்போதெல்லாம், 40 கட்டிலும் ஒரு நர்ஸும் இருக்கும் வார்டை எழுதியவர்கள் நினைத்துப் பார்த்தார்களா என்று எனக்குத் தோன்றும். சட்டம் சரிதான், ஆளைப் போடவேண்டியவர்களும் அதைப் படிக்கவேண்டும்.

அன்றைக்கு அவர் இறங்கியிருந்தால் முறிந்த எலும்பு தொடையைக் கிழித்திருக்கும். கட்டியது தவறில்லை. காஸ் துணி தவறு, அது கயிறாகத் திரிந்து தோலை அறுக்கும். பஞ்சு வைத்து அகலமான பட்டையால், இரண்டு விரல் நுழையும் இடைவெளி விட்டுக் கட்டவேண்டும். கால் மணிக்கொரு தரம் விரல்நுனியின் நிறமும் சூடும் பார்க்கவேண்டும். தலைப்பக்கம் உயர்ந்திருக்கவேண்டும், இல்லையென்றால் வாந்தி மூச்சுக்குழாயில் போகும். மருந்து கொடுக்காமல் கட்டி மட்டும் வைத்தால் அவர் முறுக்கி முறுக்கியே உடம்பு சூடேறித் தசை சிதையும். கட்டு, மருந்து வேலை செய்யும்வரைதான். நேரத்தை எழுதி, டாக்டரிடம் கையெழுத்து வாங்கி, அவிழ்த்த நேரத்தையும் எழுதிவிடுங்கள்.

கட்டுவதற்கு முன்னால் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது, எல்லாம் சாதாரண வேலை. கட்டிலை நர்ஸ் மேஜைக்கு எதிரே மாற்றுங்கள். விளக்கை அணைக்காதீர்கள், நிழல்தான் பாம்பாகவும் எறும்பாகவும் மாறுகிறது. டிரிப்ஸ் குழாய் கண்ணில் படாமல் இருக்கட்டும். வீட்டு ஆள் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். “எறும்பு எதுவும் இல்ல, சும்மா படுங்க” என்று வாதாடாதீர்கள், ஆமாம் என்று தலையாட்டவும் வேண்டாம். “உங்களுக்குத் தெரியுது, எனக்குத் தெரியல. உடம்பு சரியில்லாததால தெரியுது. இது ஆஸ்பத்திரி, நான் சிஸ்டர், இங்கதான் இருக்கேன்.” இதையே பத்து தடவை சொல்லவேண்டி வரும். வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்து திணிக்க நாலு பேர் ஓடிவருவார்கள், அவர்களைக் கூட்டத்தைக் கலைக்கச் சொல்லி வேறு வேலைக்கு அனுப்புங்கள்.

அருவருப்பைப் பற்றி. அப்பா குடிப்பவராக இருந்த வீட்டில் வளர்ந்த பெண்ணுக்கு அந்த வாடை பட்டதும் வயிறு புரளத்தான் செய்யும். அதை விரட்டிவிட்டு வேலைக்கு வாருங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. நேசிக்கச் சொல்லவும் மாட்டேன். மணியை எண்ணச் சொல்கிறேன். கையை நீட்டச் சொல்லிப் பார்ப்பதற்கும் தயமின் போடுவதற்கும் அவரைப் பிடித்திருக்கவேண்டிய அவசியமில்லை. எந்த நாளில் முடியவில்லையோ அந்த நாளில், “இந்தக் கட்டில நீ பாருடி, உன் டிரஸ்ஸிங் ரெண்ட நான் பாக்கறேன்” என்று கூட டியூட்டியில் இருப்பவளிடம் மாற்றிக்கொள்ளுங்கள். நானும் மாற்றியிருக்கிறேன்.

ஆனால் வாயில் வருவதை மட்டும் கவனியுங்கள். நான் ஆண்கள் மெடிக்கல் வார்டில் இருந்த காலத்தில், ஈரல் கெட்டு வயிறு வீங்கி ஒரு ஆட்டோக்காரர் ஒரே வருடத்தில் நான்காவது தடவையாக அட்மிட் ஆனார். “மறுபடியும் வந்துட்டீங்களா?” என்றேன், வார்டே கேட்கிற மாதிரி. இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஐந்தாவது தடவை ரத்தமாக வாந்தி எடுத்து, நினைவில்லாமல் தூக்கி வந்தார்கள். மூன்று நாளாகவே மலம் கறுப்பாகப் போனதாம், “அந்த சிஸ்டர் இருப்பாங்க, திட்டுவாங்க” என்று வரமாட்டேன் என்றாராம். மனைவி என்னிடமே சொன்னார், அந்த சிஸ்டர் நான்தான் என்று தெரியாமல். (சர்க்கரை கூடி வருபவர்களையும் நாம் இப்படித்தான் வரவேற்கிறோம் என்பது வேறு கதை.)

2019இல் மத்திய அரசுக்காக எய்ம்ஸ் வெளியிட்ட தேசியக் கணக்கெடுப்பின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவதொரு சிகிச்சை பெற்றதாகச் சொல்லியிருக்கிறார். உள்நோயாளியாகப் படுத்துச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். மற்றவர்கள் எங்கே போகிறார்கள்? உங்கள் வார்டுக்கு வருகிறார்கள், எலும்பு முறிந்து. பெரும்பாலோருக்கு இதைப் பற்றிப் பேச ஒரு மருத்துவமனை கிடைப்பதே அந்தப் பத்து நாள்தான்.

எனவே டிஸ்சார்ஜுக்கு முன்னால் ஒருமுறை பேசுங்கள். தெளிந்த முதல் நாளே வேண்டாம். அந்த ராத்திரி அவருக்கு நினைவிருக்காது. பக்கத்துக் கட்டில்காரர்கள் நடித்துக் காட்டிக் கேலி செய்துகொண்டிருப்பார்கள், கூசிப்போயிருப்பார். இரண்டு நாள் கழித்து, டிரஸ்ஸிங் மாற்றும்போது, கண்ணைப் பார்க்காமல் பேச வசதியான நேரத்தில் சொல்லுங்கள். என்ன நடந்தது, ஏன் நடந்தது, இனி எப்போது நிறுத்தினாலும் வீட்டில் தனியாக நிறுத்தக்கூடாது. இந்தக் கடைசி விஷயம் முக்கியம். கார்த்திகை முதல் வாரத்தில், சபரிமலைக்கு மாலை போட்ட கையோடு குடியை நிறுத்தி, மூன்றாம் நாள் வலிப்போடு வந்தவர்களைக் கறுப்பு வேட்டியோடு அட்மிட் செய்திருக்கிறேன். சாமி குத்தம் என்று வீட்டார் பயந்துபோயிருப்பார்கள். விட்டது தப்பில்லை, டாக்டரைப் பார்த்து மருந்தோடு விட்டிருக்கவேண்டும்.

சாம்பார் மாத்திரை. அந்த அம்மா கேட்பது டைசல்ஃபிராம். குடற்புழுவுக்கு மருந்தாகுமா என்று பார்த்துக்கொண்டிருந்த டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள் தாங்களே விழுங்கிப் பார்த்து, பிறகு மது குடித்தபோது பட்ட பாட்டில் கண்டுபிடித்தது, 1948இல் வெளியானது. மாத்திரை உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, பி.பி. இறங்கும். உயிரே போகலாம். கடைசி மாத்திரைக்குப் பிறகு இரண்டு வாரம்வரைகூட அந்த வினை இருக்கலாம். இது வேலை செய்வதே, ‘நான் மாத்திரை போட்டிருக்கிறேன், குடித்தால் செத்தேன்’ என்று குடிப்பவருக்குத் தெரிந்திருப்பதால்தான். அவருக்குத் தெரியாமல் கலந்துவிட்டால் அதற்குப் பெயர் மருந்தில்லை. அவர் சம்மதித்து, குடித்து 12 மணி நேரமாவது ஆன பிறகு, ஈரலும் இதயமும் பார்த்து டாக்டர் எழுதவேண்டியது. ‘அவருக்கே தெரியாமல் நிறுத்தலாம்’ என்று பஸ் ஸ்டாண்ட் சுவரில் ஒட்டியிருக்கும் பொடிகளும் வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறதென்று ஒட்டியவருக்கே தெரியுமோ என்னவோ.

இதைச் சொல்லும்போது அந்த அம்மாவைத் திட்டிவிடாதீர்கள். எல்லா வழியும் அடைத்த பிறகுதான் ஒருத்தி சாம்பாரை யோசிக்கிறாள். ஆசையை மட்டுப்படுத்தும் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற வேறு மருந்துகளும் இருக்கின்றன, மனநல டாக்டர் பார்த்துத் தருவார் என்று சொல்லுங்கள். உங்கள் மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கும். வெளியே போய் வரச் சொல்லாமல், படுத்திருக்கும்போதே ஒரு ரெஃபரல் வாங்கிவிடுங்கள். போதைக்கான இலவச உதவி எண் 14446, மனநலத்துக்கு டெலி மானஸ் 14416. குடிப்பவர் வராவிட்டாலும் மனைவி மட்டும் பேசலாம்.

எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுக்காதீர்கள், வீட்டில் அவர் கண்ணில் பட்டால் சண்டை. அவர் மனைவியின் போனை வாங்கி நீங்களே பதிந்து கொடுங்கள். என்ன பெயரில் என்று அவரையே கேளுங்கள். என்னிடம் ஒரு பெண், “கேஸ் சிலிண்டர்னு போடுங்க சிஸ்டர்” என்றாள்.